மிஷன் டிரிப் போய்வந்தாயிற்று; ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்வது?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சபை வாலிபர் குழுவோடு பத்து நாள் நேபாளத்துக்கு மிஷன் டிரிப் போய்வந்தேன். ஒரு சின்ன சபையில் தங்கி, பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தினோம், சுவருக்கு வெள்ளையடித்தோம், வீடு வீடாகப் போய் ஜெபித்தோம். வருகிற ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நாங்கள் செய்ததைவிட அவர்கள் எங்களுக்குச் செய்ததுதான் அதிகம் என்று மனசு உறுத்துகிறது. அந்தப் பணத்தை அப்படியே அனுப்பியிருக்கலாமே என்று மாமா வேறு கேட்கிறார். போனது வீணா? மேடையில் என்ன சொல்ல?"

தம்பி, வீணா இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை. அதில் பாதி, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேசப்போவதில் இருக்கிறது. மீதி அதற்கப்புறம் வரும் ஒன்றிரண்டு வருஷத்தில் இருக்கிறது.

நான் இதைச் சொல்வது டீமாகப் போனவன் என்ற முறையில் இல்லை, டீம்களை வரவேற்றவன் என்ற முறையில். ஜார்க்கண்டில் ராஜ்மகால் மலைப் பக்கம், மால்தோ மக்கள் நடுவில் நீண்ட காலம் ஊழியத்தில் இருந்தேன். தமிழ்நாட்டிலிருந்து வரும் குழுக்களை ஸ்டேஷனில் போய் அழைத்து, தங்கவைத்து, காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுத்து, திரும்ப ரயிலேற்றிவிடுவது என் வேலையில் பெரும் பங்கு. இப்போது தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். ரப்பர் வெட்ட ஆள் கிடைக்காத கவலையைத் தவிர வேறு கவலை கிடையாது.

வரவேற்கிற வீட்டில் என்ன நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டீம் வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அந்த பாஸ்டருக்கும் அவர் மனைவிக்கும் வேறு வேலை ஓடாது. யார் வீட்டில் மெத்தை இருக்கிறது, கம்பளி இருக்கிறது என்று கேட்டு வாங்க வேண்டும். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட வேண்டும். இவர்களுக்குச் சோறு வேண்டும், காரம் வேண்டும், குடிக்க வெந்நீர் வேண்டும். அந்தப் பத்து நாளும் அவருடைய வழக்கமான வீட்டுச் சந்திப்பு, நோயாளி பார்ப்பது, பக்கத்துக் கிராமத்து ஜெபக்கூட்டம் எல்லாம் தள்ளிப்போகும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் அவர்களும் தேர்ந்தவர்கள். போன டீம் சொல்லிக்கொடுத்த ஆக்‌ஷன் பாட்டையே இந்த டீமும் சொல்லிக்கொடுத்தால், முதல் தடவை கேட்கிற மாதிரியே பாடிக் காட்டுவார்கள். விருந்தாளியை ஏமாற்றக் கூடாதல்லவா.

மொழிபெயர்ப்பு இன்னொரு கதை. நம் ஆள் தமிழில் யோசித்து இங்கிலீஷிலோ அரைகுறை இந்தியிலோ பேசுவார். அதை உள்ளூர் பாஸ்டர் தன் மொழியில் சொல்வார். பல நேரம் அவர் சொல்வது அவருடைய சொந்தப் பிரசங்கமாகத்தான் இருக்கும், மூலத்தைவிட நன்றாகவும் இருக்கும். கூட்டம் கண் கலங்கும். நம் ஆள், தான் பேசியதற்குத்தான் கலங்கினார்கள் என்று டைரியில் எழுதிக்கொள்வார்.

இதைச் சொல்வது உங்களை மட்டம் தட்ட இல்லை. உங்களுக்கு உறுத்துகிறது என்றீர்களே, அது சரியான இடத்தில்தான் உறுத்துகிறது என்பதற்காகச் சொல்கிறேன். அந்தப் பத்து நாளில் ஊழியம் செய்தவர்கள் பெரும்பாலும் அவர்கள். நீங்கள் விருந்தாளி. வேதாகமத்தில் விருந்தாளியாக இருப்பதற்கும் மரியாதையான இடம் உண்டு. விருந்தாளி தன்னை வீட்டுக்காரன் என்று நினைத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் வருகிறது.

மாமா கேட்ட கேள்வி லேசானதில்லை. 1998இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைச் சூறையாடிய பிறகு, வட அமெரிக்கச் சபைகளிலிருந்து குழு குழுவாகப் போய் வீடு கட்டிக் கொடுத்தார்கள். குர்ட் வெர் பீக் என்ற சமூகவியல் பேராசிரியர் அதை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார். ஒரு குழு வந்து ஒரு வீடு கட்ட, பயணச் செலவும் சேர்த்து, சராசரியாக 30,000 டாலர். உள்ளூர் அமைப்பு அங்குள்ள ஆட்களை வைத்துக் கட்டினால் அதே வீட்டுக்கு 2,000 டாலர். வீடு கிடைத்தவர்களுக்கு, கட்டியது வெளிநாட்டுக்காரரா உள்ளூர்க்காரரா என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. போய்வந்தவர்களோ தங்கள் வாழ்க்கையே மாறிவிட்டது என்றார்கள். ஆனால் காணிக்கைக் கணக்கைப் பார்த்தபோது, பெரும்பாலானவர்களிடம் அந்த மாற்றம் தங்கியதாகத் தெரியவில்லை.

நம் கணக்கும் அப்படித்தான். பேச்சுக்குத் தலைக்கு 30,000 ரூபாய் என்று வைத்தால், பன்னிரண்டு பேருக்கு 3,60,000. வெள்ளையடிக்க அந்த ஊரில் ஆள் இல்லாமலா போனார்கள்?

இருந்தாலும் மாமா சொல்வதை நான் முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன். டிரிப் போகாமலிருந்தால் அந்த மூன்றரை லட்சம் நேபாளத்துக்குப் போயிருக்கும் என்பது கற்பனை. அது வசூலாகியே இருக்காது. அறுப்பின் பண்டிகையில் ஒரு தேங்காயை ஐயாயிரத்துக்கு ஏலம் எடுக்கிற நம் ஆட்கள், முகம் தெரியாத ஊருக்கு ஐந்நூறு அனுப்ப ஆயிரம் கேள்வி கேட்பார்கள். ஆள் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் பை திறக்கும். ஆகவே பயணச் செலவை நியாயப்படுத்துவது வெள்ளையடித்த சுவர் இல்லை, அதற்குப் பிறகு வருஷா வருஷம் தொடர்கிற உறவு. அது தொடராவிட்டால் மாமா சொன்னதுதான் சரி.

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் நமக்கு வேறு யாருக்கும் இல்லாத அனுபவம் இருக்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கிட்டத்தட்ட 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள் என்று 2011 கணக்கெடுப்பு சொல்கிறது. அதனால் நாம் எப்போதும் அனுப்புகிற பக்கம் இருப்பவர்கள் என்ற நினைப்பு வந்துவிட்டது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் நாம்தான் மிஷன் ஃபீல்டு.

அந்தக் கதையும் ஒரு குறுகிய பயணத்தில்தான் தொடங்குகிறது, வெள்ளைக்காரர் பயணத்தில் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் மயிலாடியிலிருந்து மகாராசன் என்பவர் சிதம்பரத்துக்குத் தீர்த்த யாத்திரை போகிறார். மனசு நிறையவில்லை. திரும்பும் வழியில் தஞ்சாவூரில் ஆலயத்துக்குள் போகிறார், கோலாஃப் என்ற மிஷனெரியைச் சந்திக்கிறார், ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆகிறார். அப்போது மயிலாடி திருவிதாங்கூர் ராஜ்யம், தஞ்சாவூர் வேறு சீமை. அந்தக் கணக்கில் அது வெளிநாட்டுப் பயணம்தான். போன இடத்தில் அவர் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொண்டதை ஊருக்கு எடுத்துவந்து, சொந்தக்காரர் நடுவில் சொல்லி, அடியும் ஏச்சும் வாங்கினார். எங்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று அவர்தான் கேட்டார். அப்படி 1806இல் வந்தவர்தான் ரிங்கல்தௌபே. பத்து வருஷம் குடிசையில் எளிமையாக இருந்துவிட்டு 1816இல் உடல் நலமில்லாமல் கிளம்பிப் போனார். கடைசியில் அவர் எங்கே மறைந்தார் என்பது இன்றுவரை தெரியாது. அடுத்த மிஷனெரி வரும்வரை சபைகளைப் பார்த்துக்கொண்டது யார்? மறுபடியும் வேதமாணிக்கம்தான்.

அப்புறம் நம் மாவட்டத்து நெய்யூர். 1922இல் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் ஹோவர்ட் சாமர்வெல் என்ற ஆங்கிலேய டாக்டர் இருந்தார். அந்தப் பயணத்தில் பனிச்சரிவில் ஷெர்பாக்கள் ஏழு பேர் இறந்தார்கள். அது முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கும் வந்தார். ஒரே ஒரு சர்ஜன், தலைக்குமேல் வேலை, வாசலில் முடிவில்லாத வரிசை. லண்டனில் நல்ல வேலை காத்திருந்தது. அதை விட்டுவிட்டு மறு வருஷமே நெய்யூருக்கு வேலைக்கு வந்துவிட்டார். பிறகு வேலூரிலும் பணி செய்து, மொத்தம் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் தென்னிந்தியாவில் இருந்தார். அவர் கையால் வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் சபையிலேயே இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள்.

ஆகவே குறுகிய பயணம் என்பதாலேயே அது வெட்டி வேலை என்று நம் மாவட்டத்துக்காரர் சொல்ல முடியாது. ஆனால் இந்த இரண்டு பேரையும் பாருங்கள். போன இடத்தில் பத்து நாளில் என்ன சாதித்தோம் என்று அவர்கள் அறிக்கை எழுதவில்லை. பார்த்தது அவர்களைப் பிடித்துக்கொண்டது, வாழ்நாளை அதற்குக் கொடுத்தார்கள். எல்லோராலும் அது முடியாது, நான் உங்களிடம் கேட்கவும் இல்லை.

அறிக்கை எழுதியவர்களும் இருந்தார்கள். அதைத்தான் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்து மிஷனெரிகள் தாய்நாட்டுக்கு எழுதிய கடிதங்களிலும் பத்திரிகைகளிலும் நம் பாட்டன் பூட்டன் பேய் வணங்கிகள், அறியாமையில் கிடப்பவர்கள். காணிக்கை கொடுக்கிறவர் மனசு இளக வேண்டுமே! பக்கத்துத் திருநெல்வேலியில் கால்டுவெல் 1849இல் நாடார் மக்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். படிக்கப்போவது இங்கிலாந்தில் இருக்கிற ஆதரவாளர்கள் என்ற நினைப்பில் எழுதியது. மிஷன் பள்ளிகளிலேயே இங்கிலீஷ் படித்த அடுத்த தலைமுறை அதை எடுத்துப் படித்தபோது கொதித்துப்போனார்கள். கால்டுவெல் அந்த மக்களுக்காக உழைத்தவர், அதில் சந்தேகமில்லை. அந்த நூல் தந்த காயமும் அப்படியே நின்றது.

அன்றைக்கு அது நம் ஆட்கள் கண்ணில் பட ஒரு தலைமுறை ஆயிற்று. இன்றைக்கு உங்கள் சாட்சி சபையின் யூடியூப் சேனலில் நேரலையாகப் போகும். நேபாளத்தில் கத்தார், மலேசியா என்று வேலைக்குப் போய்வந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். நம் ஆட்களோடு ஒரே ரூமில் இருந்து தமிழ் பழகியவர்கள்கூட உண்டு. நீங்கள் பேசினது அன்று ராத்திரியே அந்த பாஸ்டர் காதுக்குப் போகலாம். அதனால் ஒரு வழி சொல்கிறேன்: அந்த பாஸ்டரும் அவர் மனைவியும் உங்கள் ஆலயத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், தமிழும் அவர்களுக்கு நன்றாகப் புரியும் என்று வைத்துக்கொண்டு பேசுங்கள். அவர்கள் முகத்துக்கு நேரே சொல்ல முடியாத வாக்கியம் எதுவும் வேண்டாம்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் வழக்கமான சாட்சியில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும். "அவர்களிடம் ஒன்றுமே இல்லை, ஆனாலும் எவ்வளவு சந்தோஷம்!" என்பதுதான் டிரிப் போய்வந்த எல்லோரும் சொல்வது. முதல் பெஞ்சில் இருக்கிறவரைப் பார்த்து இதைச் சொல்லிப் பாருங்கள். விருந்தாளி வந்தால் எந்த வீட்டிலும் சிரித்த முகம்தான் இருக்கும். மகனை வேலைக்கு அனுப்ப வாங்கிய வட்டிக் கடன், வயலை அடித்துக்கொண்டுபோன மண்சரிவு, இதையெல்லாம் பத்து நாள் விருந்தாளியிடம் யாரும் கொட்ட மாட்டார்கள். அவர்கள் வறுமை நம் பக்திக்கு அலங்காரமாக ஆகிவிடக் கூடாது.

எண்ணிக்கையும் வேண்டாம். கை தூக்கியவர்கள் இத்தனை பேர், ஜெபிக்க வந்தவர்கள் இத்தனை பேர் என்று அடுக்குவதில் ஒரு போதை இருக்கிறது. அதே பிள்ளைகள் போன வருஷ டீமுக்கும் கை தூக்கியிருப்பார்கள்.

நேபாளத்தைப் பொறுத்தவரை இது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமில்லை. அந்த நாட்டு அரசியல் சாசனத்தின் 26ஆவது பிரிவு ஒருவரை மதம் மாற்றுவதைத் தடுக்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158ஆவது பிரிவில் அதற்கு 5 ஆண்டு வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்துவார்கள். நாம் என்றாவது ஊர் திரும்பிவிடுவோம். அந்த பாஸ்டர் அங்கேயே வாழ வேண்டியவர். "இத்தனை பேரை இரட்சிப்புக்குள் நடத்தினோம்" என்று நீங்கள் மேடையில் சொல்வது, அவருக்கு எதிராக யாராவது எழுதிக்கொடுக்கிற புகாருக்குச் சாட்சியமாகிவிடலாம். ஊர் பெயர், சபை பெயர், பாஸ்டர் பெயர் மூன்றையும் சொல்லாதீர்கள். டீமில் யாராவது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், ஃபேஸ்புக்கில் படம் போட்டிருந்தால் இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து எடுத்த படங்களைத்தான் முதலில். நம் வீட்டுப் பிள்ளைகளை யாரோ பத்து நாள் வந்தவர் படமெடுத்து ஊரெல்லாம் காட்டினால் சும்மா விடுவோமா?

அடுத்த டீம் அங்கே அனாதை இல்லத்துக்குப் போகலாமா என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நேபாளத்தில் அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார்கள். வருகிற விருந்தாளியையும் காணிக்கையையும் நம்பியே சில இல்லங்கள் பிள்ளைகளைச் சேர்க்கின்றன.

சரி, என்னதான் சொல்வது? அந்த நாட்டுச் சபை எப்படி வளர்ந்தது என்று சொல்லுங்கள், அது நம் ஆட்களுக்குத் தெரியாது. ராணா குடும்பத்து ஆட்சி முடிந்த 1951 வரை மிஷனெரிகளுக்கு அங்கே இடமில்லை. 1954இல் ஐக்கிய நேபாள மிஷன் ஆஸ்பத்திரி, பள்ளி என்று பணி தொடங்கியபோதும், மதம் மாற்றும் வேலை கூடாது என்பது நிபந்தனை. ஆனால் நேபாளி மொழியில் முழு வேதாகமம் 1914லேயே வந்துவிட்டது. டார்ஜிலிங்கில் இருந்த கங்கா பிரசாத் பிரதான் என்ற நேபாளி மொழிபெயர்த்தது. 1990 வரை ஞானஸ்நானம் கொடுத்ததற்காகப் பாஸ்டர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். 2021 கணக்கெடுப்பில் கிறிஸ்தவர்கள் 5 லட்சத்துக்கு மேல், 1.76 சதவீதம். இத்தனையும் பெரும்பாலும் நேபாளிகளே செய்த ஊழியத்தின் பலன். நம்மைப் போன்ற டீம்களை நம்பி அது வளரவில்லை. இப்படிப்பட்ட சபையில் பத்து நாள் உட்கார்ந்து பார்க்க எனக்கு வாய்த்தது என்று நீங்கள் தொடங்கினால், சபையார் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பிறகு நீங்கள் கண்ணால் பார்த்த ஒரே ஒரு காரியத்தை நிதானமாகச் சொல்லுங்கள். பாஸ்டர் மனைவி எத்தனை மணிக்கு எழுந்தார், ஆராதனைக்கு எவ்வளவு தூரம் நடந்து வந்தார்கள், அவர்கள் எதற்காக ஜெபித்தார்கள். உங்களுக்காக அவர்கள் ஜெபித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். உறுத்தலையும் மறைக்க வேண்டாம். "நாங்கள் கொடுத்ததைவிட வாங்கியது அதிகம்" என்று நீங்கள் எழுதியது நேர்மையான வரி. அதை அப்படியே சொல்லிவிட்டு, கண்ணீர் வரவழைக்கிற கீபோர்டு இசை இல்லாமல் உட்கார்ந்துவிடுங்கள்.

காசு விஷயத்தில் பொதுவாக "தாங்குங்கள்" என்று கேட்காதீர்கள். அங்கே அவர்களுக்கே எது தேவை என்று கேட்டு, அது ஒரு பிள்ளையின் படிப்போ, மழைக்கு ஒழுகுகிற தகரமோ, இவ்வளவு ரூபாய், இத்தனை வருஷம் என்று சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டியில் தீர்மானமாகப் போட வையுங்கள். தீர்மானம் மினிட்ஸில் ஏறினால்தான் நம் சபைகளில் எதுவும் நிற்கும், அது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, இதை நான் பல சபைகளில் சொல்லி ஓரிரு சபைகள்தான் கேட்டன. அடுத்த வருஷம் நீங்கள் பன்னிரண்டு பேர் போவதற்குப் பதிலாக, அந்த பாஸ்டர் குடும்பத்தை இங்கே வரவழையுங்கள். நம் கன்வென்ஷனில் அவர் பேசட்டும், நீங்கள் மொழிபெயர்ப்புக்குத் திண்டாடுங்கள். நம் சபை விருந்தான அசனத்தில் உட்கார்ந்து சாப்பிடட்டும். நெய்யூருக்கும் மயிலாடிக்கும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஆராதனைக்குப் பிறகு நம் சபையைப் பற்றி அவருக்கு என்ன தோன்றியது என்று கேளுங்கள். நம்மிடம் இருக்கிற கார், கல்யாண மண்டபம், சபைத் தேர்தல் வழக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவர் சொல்வது சுகமாக இருக்காது. ஆனால் அதுதான் நமக்கு வரவேண்டிய மிஷனெரி அறிக்கை.

இதற்கிடையில் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் ஓட்டல் சமையற்கட்டுகளில் நேபாளிப் பையன்கள் வேலை பார்க்கிறார்கள். பத்து நாளில் நீங்கள் கற்றுக்கொண்ட நாலு வார்த்தை அங்கே செல்லும். அவர்களைச் சபைக்கு இழுக்கப் பார்க்காதீர்கள். ஊருக்குப் பணம் அனுப்பவோ, ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதவோ துணைக்குப் போங்கள். மொழி அப்படித்தான் வரும். இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் நேபாளம் போனால் வெள்ளையடிக்கிற ஆளாகப் போக வேண்டியிருக்காது.

கடைசியாக ஒரு வேலை. பேசப்போவதை ஒரு பக்கத்துக்குள் எழுதி, இந்தியிலோ இங்கிலீஷிலோ மாற்றி, முன்கூட்டியே அந்த பாஸ்டருக்கு அனுப்புங்கள். அவர் வேண்டாம் என்கிற வரியை அடித்துவிடுங்கள், ஏன் என்று கேட்க வேண்டாம். வியாழக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள். சனிக்கிழமை அவர்களுக்கு ஆராதனை நாள், வெள்ளிக்கிழமை அவருக்கு நேரம் இருக்காது.